மெலிய வைக்கும் மாத்திரையை நம்பலாமா?

(தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சம்பளம், வீடு, வைத்திய வசதி என்று பேசுகிற மேடையில் இன்று ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "மாத்திரைக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். போராடிப் பெற்ற சம்பளம் எந்த வழியாக வீட்டை விட்டுப் போகிறது என்பதும், உழைக்கிற உடம்பு எதனால் கெடுகிறது என்பதும் சங்கத்தின் கவலைதான். ஆகவே பேசுகிறோம்.

உடம்பைச் சீக்கிரம் மெலிய வைப்பதாகச் சொல்லும் மாத்திரை, தூள், காப்பி ஆகியவை தோட்டங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டன. இரவுச் சந்தையில் விற்கிறார்கள். கைத்தொலைபேசியில் படம் காட்டி விற்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணையே ஏஜண்டாக்கி, அவள் வாயாலேயே விற்க வைக்கிறார்கள். விளம்பரம் மட்டும் எங்கும் ஒன்றுதான்: "10 நாளில் 10 கிலோ குறையும். பத்தியம் வேண்டாம், உடற்பயிற்சி வேண்டாம். சுத்தமான மூலிகை, பக்க விளைவு கிடையாது."

இதை வாங்குகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கக்கூடாது. பெண் பார்க்க வருகிறவர்கள் "பெண் கொஞ்சம் தடிமன்" என்று சொல்லிவிட்டுப் போனதைக் கேட்ட பெண் வாங்குகிறாள். பிள்ளை பெற்ற பிறகு பழைய துணி எதுவும் சேராத தாய் வாங்குகிறாள். "இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் இருக்கிறது, உடம்பைக் குறை" என்று டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிய தொழிலாளி வாங்குகிறான். அவர்களுடைய கவலை உண்மையான கவலை. 2019-ல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் பாதிப்பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். கவலை உண்மையாக இருப்பதால்தான் பொய் மருந்துக்கு இவ்வளவு கிராக்கி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கிராணிமார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

நாம் உண்ணும் உணவின் சக்தியைக் கலோரி என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அந்தக் கொழுப்புக் கரைய வேண்டுமானால் அவ்வளவு சக்தியும் செலவாகியே தீர வேண்டும். நடுத்தரமான ஓர் ஆள் நாள் முழுவதும் செலவழிப்பது சுமார் 2,000 கலோரி. மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் வெட்டுகிறவருக்கு 2,500 அல்லது அதற்கு மேலும் ஆகலாம்.

10 கிலோ கொழுப்பு என்றால் 77,000 கலோரி. 10 நாளும் ஒரு பருக்கைகூட உண்ணாமல் பட்டினி கிடந்து, அதோடு வேலைக்கும் போனால்கூடச் செலவாவது 25,000 கலோரிதான். அதாவது, முழுப் பட்டினி கிடந்தாலே கணக்குப்படி கரையக்கூடிய கொழுப்பு மூன்று கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. "நன்றாகச் சாப்பிடு, சும்மா உட்கார்ந்திரு, 10 கிலோ குறையும்" என்று ஒருவன் சொன்னால், இல்லாத பணத்துக்கு ரசீது எழுதுகிறான் என்று பொருள்.

"ஆனால் எங்கள் வீட்டில் உண்மையிலேயே நாலு கிலோ குறைந்ததே!" என்று ஒரு தாய் சொல்லலாம். குறைந்திருக்கும். குறைந்தது எது என்பதுதான் கேள்வி.

பால் வெட்டுகிற தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் ஸ்டோருக்குக் கொண்டுபோகும் பாலை வெறும் நிறுவையை மட்டும் பார்த்துக் கணக்கில் எழுதுகிறார்களா? இல்லை. மெட்ரோலக்கை மிதக்கவிட்டோ, மாதிரியைக் காயவைத்தோ, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்த பிறகே எழுதுகிறார்கள். 100 கிலோ பாலில் ரப்பர் 30 முதல் 40 கிலோ வரைதான். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் கூடினால் நிறுவை கூடும், ரப்பர் கூடாது. தண்ணீர் வற்றினால் நிறுவை குறையும், ரப்பர் குறையாது.

நம் உடம்பும் அப்படித்தான். மனித உடம்பின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். பல மெலிவு மாத்திரைகளில் சிறுநீரை அதிகமாகப் போகச் செய்யும் மருந்தோ, வயிற்றைப் போகச் செய்யும் மருந்தோ இருக்கிறது. மூன்று நாள் இவற்றைத் தின்றால் தராசு முள் இறங்கத்தான் செய்யும். இறங்கியது தண்ணீர். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாத்திரையை நிறுத்தி, வயிறு நிறையச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் எடை திரும்பி வந்துவிடும். உடனே ஏஜண்டு, "பாதியில் நிறுத்திவிட்டீர்களே, அடுத்த புட்டி வாங்குங்கள்" என்பான்.

நஷ்டம் பணத்தோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெயிலில் வேர்வை சிந்தி உழைக்கிறவரின் உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்புச் சத்தையும் மருந்து வைத்து இறைத்தால் என்ன ஆகும்? தலை சுற்றும், கை கால் இழுக்கும், இதயத் துடிப்புத் தாறுமாறாகும். செம்பனைக் குலை வெட்டும் கொக்கியைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும்போது மயக்கம் வந்தால் என்ன நேரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, தண்ணீரை இறைக்காமல் உண்மையிலேயே உடம்பைக் குறைத்த சில மருந்துகளின் கதையைச் சொல்கிறோம். தொழிலாளர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

முதல் உலகப் போரின்போது பிரான்சு தேசத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் தூளைக் கையாண்டார்கள். அந்தத் தூள் பட்ட தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் கண்டது, வேர்த்துக் கொட்டியது, உடம்பு மெலிந்தது; சிலர் மாண்டே போனார்கள். உடம்பு தன் சக்தியை உருப்படியான வேலைக்குப் பயன்படுத்த விடாமல் வெறும் சூடாக எரித்துவிடுவது அந்தத் தூளின் குணம். தொழிலாளியைக் கொன்ற அதே தூளை 1933-ல் அமெரிக்காவில் மெலிவு மருந்தாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் வாங்கி உண்டனர். சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடல் சூடேறி இறந்தனர். 1938-ல் அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகுதான் அது கடையை விட்டுப் போனது. ஆனாலும் ஒழியவில்லை. இணையத்தின் வழியே கள்ளத்தனமாக விற்கப்படுவதால், 2015-ல் சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போல் 190 நாடுகளுக்கு அதைப் பற்றி எச்சரிக்கை அனுப்பியது.

நம் பக்கத்திலேயே நடந்தது ஒன்று. ஃபென்ஃப்ளூரமின் என்ற மருந்து இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கிறது என்று கண்டு, 1997-ல் மெலிவு மருந்தாக விற்பதை நிறுத்தினார்கள். ஐந்து வருடம் கழித்து, 2002-ல், சிங்கப்பூரில் 'ஸ்லிம் 10' என்ற மாத்திரை விற்பனையாயிற்று. அதைச் சோதித்தபோது உள்ளே இருந்தது அதே ஃபென்ஃப்ளூரமின். அதை உண்ட ஒரு பெண்மணி இறந்துபோனார். தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் ஈரல் செயலிழந்தது. பின்னாளில் அவருக்குக் கணவரான நடிகர் தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்ததால்தான் அவர் உயிர் பிழைத்தார்.

மூன்றாவது சிபுட்ரமின். இது டாக்டர்களே எழுதிக் கொடுத்த மருந்து, பசியைக் குறைக்கும். இதய நோயோ நீரிழிவோ உள்ள ஏறத்தாழ 10,000 பேரை வைத்துச் சில வருடங்கள் சோதித்தார்கள். மருந்து உண்ணாதவர்களில் ஆயிரத்துக்கு 100 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேர்ந்தன; உண்டவர்களில் ஆயிரத்துக்கு 114 பேருக்கு நேர்ந்தன. 2010-ல் அது மேல்நாடுகளிலும் நம் நாட்டிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்ட அந்தச் சிபுட்ரமின்தான் இன்றைக்கும் 'மூலிகை மாத்திரை' என்றும் 'மெலிவுக் காப்பி' என்றும் பெயர் மாற்றிக்கொண்டு வருகிறது. அதிகாரிகள் பிடித்துச் சோதிக்கும் சரக்கில் அடிக்கடி அகப்படுவது இதுவே. ரத்த அழுத்தம் உள்ளவர் அதைக் காப்பி என்று நம்பிக் குடிக்கிறார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். சீக்கிரம் மெலிய வைப்பதாகச் சொல்லும் சரக்கு ஒன்று வேலை செய்யாது; அல்லது, பெட்டியின் மேல் எழுதாத ஏதோ ஒன்று உள்ளே இருந்து வேலை செய்கிறது. "அதிசயமாய்க் கேட்கிறது" என்று யாராவது சொன்னால் அப்போதுதான் நாம் அதிகமாகப் பயப்பட வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மலேசியாவில் மருந்தாக விற்கும் எதையும் மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவான மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துக்களும், எட்டு இலக்க எண்ணும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். மினுமினுக்கும் பாதுகாப்பு முத்திரையும் ஒட்டியிருக்கும். பதிவில்லாத மருந்தை விற்கிறவருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று வருடம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏஜண்டாகும் நம் சகோதரிகள் இதை மறக்கக்கூடாது. ஆலைக்காரன் எங்கோ இருக்கிறான். பிடிபடுவது தோட்டத்து வீட்டில் இருப்பவள்.

எண்ணைப் போலியாக அச்சடிப்பதும் உண்டு. ஆகவே நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடி, பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலும், மூலிகைச் சரக்குக்குப் பதிவு எண் இருப்பது அது கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

நல்ல மருந்தே கிடையாதா? உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். உணவிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாமல் செய்யும் ஆர்லிஸ்டாட் இருக்கிறது. அதனால் குறைவது சில கிலோதான். செமாக்ளூடைட் என்ற ஊசி மருந்து இருக்கிறது. 2021-ல் வெளியான சோதனையில், வாரம் ஒரு முறை அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் எடை நூற்றுக்குச் சுமார் 15 பங்கு குறைந்தது. 68 வாரம் என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடத்துக்கும் மேல். நிறுத்தியவர்களுக்கு அடுத்த வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. உண்மையான மருந்து இப்படித்தான் பேசும்: மெதுவாக, கணக்கோடு, டாக்டரின் கண் முன்னால்.

மாத்திரையை விடச் சிறந்த வழி ஒன்றும் சோதித்தறியப்பட்டிருக்கிறது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. இன்னொரு பிரிவு உணவைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடந்தது. மாத்திரைக்காரர்களுக்கு நீரிழிவு வருவது நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. நடந்தவர்களுக்கு 58 பங்கு குறைந்தது. அவர்கள் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பதைத்தான் குறியாக வைத்தார்கள். 80 கிலோ ஆளுக்கு அது ஐந்தரை கிலோ.

எங்கிருந்து தொடங்குவது? தேத்தண்ணீரிலிருந்து தொடங்கலாம். ஒரு கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றினால் சுமார் 130 கலோரி. நாளுக்கு நாலு கோப்பை என்றால் 520. அதை நிறுத்தினால் வாரத்துக்கு 3,640 கலோரி மிச்சம். கணக்குப்படி ஏறத்தாழ அரைக் கிலோ கொழுப்பு. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே உடம்பு தாங்கும் வேகம். இதற்குக் காசு செலவில்லை. டின் பால் காசும் மிச்சம். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவர், 26 நாள் கணக்கில், 150 வெள்ளிப் புட்டிக்காக இரண்டு நாளுக்கும் மேல் உழைக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது அப்படிப்பட்ட மாத்திரையை உண்டுகொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, மயக்கம், கண் மஞ்சளாதல் இவற்றில் எது கண்டாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு, புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். உள்ளே போனது என்னவென்று தெரிந்தால்தான் டாக்டர் காப்பாற்ற முடியும். பால் கொடுக்கும் தாய்மாரும், இதய நோய், ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும் இவற்றைத் தொடவே வேண்டாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் புட்டிகளையும் பொட்டலங்களையும் எடுத்து வாருங்கள். பதிவு எண்ணைத் தேடிப் பார்த்துச் சொல்லக் கிராணிமார்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பதிவில்லாதவற்றைக் குறித்து நாம் எல்லோரும் சேர்ந்து அதிகாரிகளுக்குப் புகார் எழுதுவோம். கொண்டு வருகிறவரை யாரும் கேலி செய்யக்கூடாது என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.