தராசில் ஏறிய பரப்பளவு

சதுரத்துக்கும் வட்டத்துக்கும் பரப்பளவு காணச் சூத்திரம் உண்டு. மற்ற வளைவுகளுக்கு? கலிலியோ தராசைத் தூக்கினார்!

உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால், அது காற்றில் வில் வில்லாக ஒரு கோடு வரையும். ஒரு வில்லுக்குக் கீழே எவ்வளவு பரப்பு? அந்த வடிவத்தையும் சக்கரத்தின் வட்டத்தையும் உலோகத் தகட்டில் வெட்டி, நிறுத்துப் பார்த்தார். வில்லின் எடை வட்டத்தின் எடையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. பின்னாளில் பிரான்சின் கணிதவியலாளர் ரோபர்வால், மிகச் சரியாக மூன்றேதான் என்று நிரூபித்தார். எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் செய்தி இது.

வீட்டிலும் செய்யலாம். பூவரச இலையை அட்டையில் வைத்து வரைந்து வெட்டுங்கள். அதே அட்டையில் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்று. இலைத்துண்டு சதுரத்தின் எடையில் பாதி என்றால், பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். அட்டை மட்டும் எங்கும் ஒரே தடிமனாக இருக்கட்டும்.