கடல் கடந்த ஒரு பருவம்

அயல்நாட்டுக் கல்லூரியில் ஒரு பருவம் பயின்று திரும்பியவரை நம் ஊரார் கேட்கும் முதற்கேள்வி, 'என்ன படித்தாய்?' என்பதன்று, 'எங்கெங்குச் சென்றாய்?' என்பதே. கற்றோர் சிலர் இக்கேள்வியை எளிதாக எண்ணி நகைப்பர். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. வகுப்பறையில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் நூல்களில் உள்ளவை. அவற்றை நம் ஊர் நூலகத்திலும் பெறலாம். விடுமுறை நாள்களில் நாமே சென்று கண்டவை அத்தகையன அல்ல. அவ்வாறு நான் கண்ட இரண்டு ஊர்களைப் பற்றியும், அவை என் ஆசிரியப் பணிக்கு எங்ஙனம் துணைநின்றன என்பது பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

1987-ஆம் ஆண்டு, நான் ஆசிரியப் பணி ஏற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். உதவித்தொகை ஒன்றின் துணையால், ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயின்றேன். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. சனிக்கிழமை என்னுடையது. அந்நாட்டில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். ஆதலின் பொழுது புலருமுன்பே புறப்பட வேண்டும். ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் தாளில் பொதிந்து கையில் இருக்கும். கட்டணத்துக்கான காசு எண்ணி வைத்திருக்கும். இவ்வளவே என் பயண ஏற்பாடு.

கல்லூரி நூலகத்தில் ஒருநாள், அந்நாட்டுப் பள்ளிகளின் பட்டியல் ஒன்றைப் புரட்டினேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊருக்கு நேரே, 'மதராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளியின் பெயர் இருந்தது. வடகடலின் ஓரத்திலுள்ள சிற்றூர்ப் பள்ளிக்கு நம் தலைநகரின் பெயர் எவ்வாறு வந்தது? அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டேன்.

1890-இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலம் என்னும் பெரும் எஃகுப் பாலத்தின்மீது ரயில் சென்றது. கீழே கழிமுகம் ஈயம்போல் கிடந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்குச் சென்ற கிளை ரயில்பாதை 1969-இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே லூக்கர்ஸ் என்னும் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் ஏறினேன். ஊரின் தெற்குத் தெருவில், பழைய துறவியர் மடத்துக் கோயிலின் இடிந்த பகுதி ஒன்று நிற்கிறது. அதன் பின்னே, கல்லால் எழுப்பிய அழகிய கட்டடம். அதுதான் நான் தேடிவந்த பள்ளி.

விடுமுறை நாளாதலின் பிள்ளைகள் இல்லை. முதிய காவலர் ஒருவர் வாயிலில் நின்றார். நான் மதராஸிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இஃது உங்கள் பள்ளி அன்றோ? உள்ளே வாருங்கள்" என்று அழைத்துச் சென்று, நாற்புறமும் தூண்களோடு கூடிய முற்றத்தைக் காட்டினார். "எங்கள் பிள்ளைகளிற் பலருக்கு இப்பெயரின் காரணம் தெரியாது" என்றும் சொன்னார்.

காரணம் இதுதான். அவ்வூரிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், என் பயணத்துக்குச் சரியாக 200 ஆண்டுகளுக்கு முன், 1787-இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாட் காலை குதிரையில் செல்லும்போது, நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே எழுதக் கற்பிக்குமாறு பணித்தார். உதவியாசிரியர் அஃது ஆகாது என்றார். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் சிறுபிள்ளைகளை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அம்முறையைப் பற்றி 1797-இல் பெல் ஒரு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரால் அது பிரிட்டன் எங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளிற் பரவியது. பெல் தம் இறுதிக் காலத்தில் அளித்த பெருங்கொடையால், 1833-இல் அந்தப் பள்ளி திறக்கப்பட்டது.

நம் திண்ணைப் பள்ளிகளை அறிந்தோர்க்கு இதிற் புதுமை ஒன்றுமில்லை. மணலும், மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளையும் நமக்குப் பழையவை. அவற்றை நாள்தோறும் கண்ட நம்மவர் அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுத நினைத்ததில்லை. அயலவர் ஒருவர் குதிரைமேலிருந்தபடியே கண்டு கொண்டார். அயலார் கண்ணுக்கு இத்தகைய கூர்மை உண்டு.

ஆயினும் அக்கண்ணுக்கு ஒரு குறையும் உண்டு. அம்முற்றத்தில் நின்றபோது ஒன்றை எண்ணிப் பார்த்தேன். பெல்லின் பெயர் நின்றது. மதராஸின் பெயர் நின்றது. சிறுவன் ஃபிரிஸ்கனின் பெயரும் நூலில் நின்றது. மணலைப் பரப்பி எழுதக் கற்பித்த அந்தத் தமிழாசிரியரின் பெயர் நிற்கவில்லை. அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரைக் குறித்த வழக்கப்படி, 'ஒரு மலபார்ப் பள்ளி' என்பதோடு வரலாறு நின்றுவிட்டது. முறை கடல் கடந்தது. அதன் பொருள் முழுவதும் கடக்கவில்லை. திண்ணையில் சட்டாம்பிள்ளை ஆசிரியரின் கண்முன் இருந்தான். பிரிட்டனிலோ, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவிற் சமாளிக்கும் வழியாக அம்முறை போற்றப்பட்டது. அது போதாதென உணர்ந்து, 1846 முதல் முறையான பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அமர்த்தத் தொடங்கினர்.

இதனாற் பழைய திண்ணைப் பள்ளி குறைவற்றது என்று நான் சொல்லவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததைக் காட்டிற்று. அவற்றில் பயின்ற 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேரே. பல சாதியார்க்குத் திண்ணையில் இடமே இல்லை. பிரம்பும் கடுந்தண்டனையும் மிகுந்திருந்தன.

தண்டனை என்றதும் என் மற்றொரு பயணம் நினைவுக்கு வருகிறது. நவம்பர் மாதத்தில், கிளாஸ்கோ வழியாக லானார்க் என்னும் ஊருக்குச் சென்றேன். அங்கிருந்து சரிவான பாதையில் இறங்கினால், கிளைடு ஆற்றங்கரையில் நியூ லானார்க் என்னும் பஞ்சாலைக் குடியிருப்பு இருக்கிறது. ஆலைகள் 1968-இல் மூடப்பட்டுவிட்டன. நான் சென்றபோது பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தனர். 2001-இல் அவ்வூர் உலகப் பாரம்பரியக் களம் ஆயிற்று.

1800-இல் அவ்வாலைகளின் பொறுப்பை ஏற்ற ராபர்ட் ஓவன், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். 1816-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் அவர்களுக்காக ஒரு கல்விக்கூடம் திறந்தார். அங்கே அடி இல்லை; பரிசும் இல்லை. சுவர்களில் விலங்குகளின் ஓவியங்களும் பெரிய நிலப்படங்களும் தொங்கின. ஆடலும் பாடலும் பாடங்களாயின. மழைச்சாரலில் அக்கட்டடத்தின் முன் நின்றேன். பெல்லும் ஓவனும் ஒரே காலத்தவர். முன்னவர், பல பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்று வினவினார். பின்னவர், குழந்தைப் பருவம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று வினவினார். ஒரு பள்ளிக்கு இரண்டு வினாக்களும் வேண்டும் என்பது அன்று எனக்குத் தெளிந்தது.

ஊர் திரும்பிச் சில ஆண்டுகளில் தலைமையாசிரியன் ஆனேன். ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை ஒப்படைத்தேன். மாலையில் அரைமணி நேரம், வேப்பமரத்தடி மணலில் எழுத்துப் பழக்கம் நடக்கும். பெண்பிள்ளைகளும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்தே அமர்வர். பிரம்பு கிடையாது. ஆசிரியர் ஒருவர் எப்போதும் அருகில் இருப்பார்.

அதனைப் பார்வையிட வந்த மேலதிகாரி ஒருவர் மகிழ்ந்தார். "இம்முறை இருக்கும்போது, காலியாயுள்ள ஆசிரியர் இடத்தை நிரப்ப வேண்டியதில்லை போலும்" என்றார். "ஐயா, இஃது ஆசிரியருக்குத் துணை; ஆசிரியருக்கு மாற்று அன்று. மாற்றாகக் கொண்ட நாட்டார் கைவிட்ட வழி இது" என்று விடையிறுத்தேன். அவர் செயின்ட் ஆண்ட்ரூஸைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். இரண்டு ஆண்டுகள் விண்ணப்பித்தபின் அவ்விடம் நிரப்பப்பட்டது. அந்த முற்றத்தில் நின்றிராவிட்டால், அவ்விடையை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பேனா என்பது ஐயமே.

இன்று நம் இளைஞர் பலர் ஒரு பருவத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ வெளிநாடு செல்கின்றனர். அவர்க்கு நான் கூறுவது சிறிதே. பத்து ஊர்களை விரைந்து பார்ப்பதினும் இரண்டு ஊர்களை நின்று பாருங்கள். ஆங்குள்ளோர் நாள்தோறும் கண்டு பழகியதால் மறந்தவற்றைக் கேளுங்கள். ஒன்றைக் கொண்டுவருவீராயின், அதனை யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்பதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். உங்களுக்குக் கற்பித்த பெயரறியாதவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மதராஸ் காலேஜ் 2021-இல் ஊரின் மேற்குப் புறத்திலுள்ள புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.