பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியும் பெற்றோரின் பெருமையும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் தொலைபேசி ஓய்வதில்லை. "பிள்ளை எத்தினை எடுத்தவ?" என்ற ஒரே கேள்விதான். அடுத்த சில நாட்களில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் வாழ்த்து விளம்பரங்கள் வரும். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு சின்ன முகம். அதன் கீழே தடித்த எழுத்தில் புள்ளி. அதற்கும் கீழே அப்பா, அம்மா, அம்மம்மா, கனடாவில் இருக்கும் மாமா, லண்டனில் இருக்கும் சித்தி என்று வாழ்த்துவோர் வரிசை. பாடசாலை மதிலிலும் சந்தியிலும் பதாகை கட்டுவார்கள். பிள்ளையை நினைத்துப் பெற்றோர் பெருமைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பெருமையைப் பிள்ளைக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்லிவிடுகிறோமே என்பதுதான் என் கவலை. பிள்ளை செய்த வேலையைப் பிள்ளையிடமே பாராட்டுங்கள், புள்ளியை வெளியே காட்டாதீர்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

இந்தப் பரீட்சை வந்த நோக்கத்தை மறந்துவிட்டோம். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1940களில், இலவசக் கல்வியும் 54 மத்திய கல்லூரிகளும் நாட்டுக்குக் கிடைத்தன. வசதியில்லாத கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அங்கே இடமும் விடுதியும் கொடுப்பதற்கே புலமைப்பரிசில் ஏற்பட்டது. இன்றைக்கும் உதவிப்பணம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத்தான். நடைமுறையிலோ யாழ் இந்து, வேம்படி, ஹாட்லி என்று பெயர்பெற்ற பாடசாலைகளில் ஆறாம் தரத்துக்கு இடம்பிடிக்கும் போட்டியாக அது மாறி, மூன்றாம் தரத்துப் பிள்ளையையே ரியூசனுக்கு அனுப்புகிறோம். அந்தப் புள்ளி எதை அளக்கிறது? புலமைப்பரிசிலுக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், மொழிமூலத்துக்கு ஏற்பவும் மாறும். ஒரு மாவட்டத்தில் போதுமான அதே புள்ளி இன்னொரு மாவட்டத்தில் போதாமற் போகும். 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் சில வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், மூன்று வினாக்களுக்கு எல்லாருக்கும் முழுப்புள்ளி வழங்குவதென்று ஆண்டின் கடைசி நாளில் முடிவானது. பல பிள்ளைகளின் புள்ளி கூடியது, அறிவு முன்பு இருந்தபடியே இருந்தது. இருக்கிற இடங்களைப் பங்கிடுவதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் கணக்கு இது. இதை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பெறுமதியாகப் பத்திரிகையில் அச்சிடுவது நியாயமில்லை.

பாராட்டு பிள்ளையை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்களான குளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான். சில புதிர்களைச் செய்வித்து, ஒரு பகுதியினரிடம் "நீ கெட்டிக்காரன்" என்ற பொருளிலும், இன்னொரு பகுதியினரிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்ற பொருளிலும் ஒரேயொரு வசனம் சொன்னார்கள். பிறகு எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற விட்டார்கள். கெட்டிக்காரர் என்று கேட்டவர்கள் சீக்கிரம் மனம் தளர்ந்தார்கள். அதற்குப் பிறகு கொடுத்த சுலபமான புதிர்களில்கூட முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். தங்கள் புள்ளியை வேறொரு பாடசாலைப் பிள்ளைக்கு எழுதி அறிவிக்கச் சொன்னபோது அவர்களில் நூற்றுக்கு 38 பேர் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். பின்னர் வந்த ஆய்வாளர் சிலர் இந்த விளைவு அவ்வளவு பெரிதல்ல என்று வாதிட்டிருக்கிறார்கள். அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரேயொரு வசனத்துக்கு இவ்வளவு பலம் இருக்குமென்றால், சந்தியில் மாதக்கணக்கில் தொங்கும் பதாகைக்கு எவ்வளவு இருக்கும்? ஆறாம் தரத்தில் முதல்முறை கணிதத்தில் சறுக்கும் பிள்ளை அந்தப் பதாகையைக் கடந்துதானே பாடசாலைக்குப் போகவேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. போரில் வீடும் காணியும் போன பிறகும் எஞ்சியது படிப்புத்தான். கூலிவேலை செய்யும் தகப்பனை ஊர் ஒருநாளும் மதித்ததில்லை. மகளின் படம் பேப்பரில் வரும் அன்றைக்குத்தான் அவர் சந்தியில் நிமிர்ந்து நிற்கிறார். அதையுமா தடுப்பீர்கள் என்று கேட்பார்கள். தடுக்கமாட்டேன். அந்த வீட்டின் மகிழ்ச்சிக்கு நான் தலைவணங்குகிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்காகத்தானே இந்தப் பரீட்சையே வந்தது. ஆனால் விளம்பரப் பக்கத்தில் வசதியுள்ளவரோடு போட்டிபோட அவரால் முடியுமா? அந்தக் காசு பிள்ளைக்கு ஒரு சைக்கிளாகவோ புத்தகங்களாகவோ வரலாமே. போட்டி உலகத்துக்குச் சிறுவயதிலேயே பழகட்டும் என்பது இன்னொரு வாதம். ஆனால் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைப் பரீட்சைத் திணைக்களமே ஒருகட்டத்தில் கைவிட்டது. திணைக்களம் அன்று விட்டதை நாங்கள் மதிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையும் அதே வகுப்பில், அதே வாங்கில்தான் இருந்தது. அதுவும் விடிய எழும்பிப் படித்தது. புள்ளியைக் கேட்டு வரும் அழைப்புக்கு அந்தப் பிள்ளையின் தாய் என்ன பதில் சொல்வார்? அழைக்கும் நாங்கள்தான் கேள்வியை மாற்றவேண்டும். இந்த வருசம் என்ன புதிதாகப் படித்தாய், எது கடினமாக இருந்தது, அதை எப்படிப் பிடித்தாய் என்று பிள்ளையிடமே கேட்கலாம். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய வீட்டிலும் அதே கேள்விதான் பொருத்தம். 200க்கு 70 புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைக்கும் சித்திச் சான்றிதழ் உண்டு. அது கைக்கு வரும் நாளில், வெட்டுப்புள்ளியைத் தொடாத வீட்டிலும் பாயாசம் காய்ச்சுங்கள். அம்மம்மாவும் கனடா மாமாவும் அன்றைக்கும் பிள்ளையோடு கதைக்கட்டும்.