வெள்ளிப் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் எல்லோர் ஆத்து பீரோவிலும் இருக்கும் வெள்ளியைப் பற்றி இன்று சில வார்த்தைகள்.

என் தாத்தா கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்தவர். 1947-ல் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் டீ செட் ஒன்றை வாங்கினார். பாகப்பிரிவினையில் அது அப்பாவுக்கு வந்தது. பாட்டியின் சொம்பும் பஞ்சபாத்திரமும் அத்தைக்கு. "அவனுக்கு முத்திரை போட்ட சீமை வெள்ளி, எனக்கு ஒண்ணும் போடாத சொம்பு" என்ற மனத்தாங்கல் அத்தைக்குக் கடைசிவரை இருந்தது.

முத்திரை என்றால் என்ன? இங்கிலாந்தில் 1300-ல் முதலாம் எட்வர்ட் மன்னர் சட்டம் செய்தார். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தால்தான் சிறுத்தைத் தலை முத்திரை. 1478 முதல் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் ஹாலுக்கே கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும் என்றானது. ஹாலில் போட்ட மார்க் என்பதால் ஹால்மார்க். ஆண்டுக்கு ஓர் எழுத்தும் சேர்ந்தது. தவறு நடந்தால் எந்த ஆண்டு, யார் பொறுப்பு என்று தெரிந்துவிடும். 1544-ல் நடக்கும் சிங்கம் வந்தது. 1773-ல் பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம்.

அப்பா காலத்துக்குப் பிறகு டீ செட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். சிங்கமும் இல்லை, நங்கூரமும் இல்லை. சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்து. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளி முலாம். பர்மிங்ஹாம் எல்கிங்டன் கம்பெனி 1840-ல் காப்புரிமை பெற்ற முறை. இதில் மோசடி ஏதுமில்லை. உள்ளதை எழுதித்தான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

அத்தையின் சொம்பு? வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கே வெள்ளியைச் சோதித்து முத்திரையிட இங்கிலாந்தைப் போல ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. கல்கத்தா ஹாமில்டன், சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் பெயரைப் பொறித்தன. ஊர்த் தட்டார் செய்ததில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அதனால் அது வெள்ளி இல்லை என்று ஆகிவிடாது.

பேரன் பூணூலுக்காக அத்தை சொம்பைக் கடையில் போட்டாள். முத்திரை இல்லையென்று கடைக்காரர் பெரிதாகக் கழித்தார். ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்ததை வாங்கி வந்தாள். மிஞ்சிய பஞ்சபாத்திரத்தைச் சென்ற வருஷம் அத்தை பெண் சோதிக்கக் கொடுத்தாள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சுத்த வெள்ளி! கேட்டுச் சந்தோஷப்பட அத்தை இல்லை.

இந்தியாவில் வெள்ளிக்கு பி.ஐ.எஸ். ஹால்மார்க் வந்தது 2005-ல்தான். 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் வெள்ளியில் பொருளுக்குப் பொருள் மாறும் ஆறு இலக்கக் குறியீடும் இடுகிறார்கள். பழைய பாத்திரத்தை விற்பதற்கு முன்னும், பாகம் பிரிப்பதற்கு முன்னும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

டீ செட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் அத்தை ஞாபகம்தான் வருகிறது. உங்கள் ஆத்தில் யாருக்கும் அப்படி ஒரு மனத்தாங்கல் வேண்டாம்.