எருவும் பாஷாணமும்
(மஸ்ஜித் தானா தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்துக் கொல்லையிலே கீரையும் கத்தரியும் போடாத குடும்பம் நம்மில் குறைவு. "மண் கெட்டிருந்தால் எருவைப் போடு, சரியாகிவிடும்" என்பார்கள் பெரியவர்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சொல்லவே வந்தேன்.

நன்றாக மக்கிய எரு ஈயத்தையும் செம்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணின் புளிப்பையும் ஓரளவு தணிக்கும். அதனால் வேர் அவற்றை உறிஞ்சுவது குறையும். காட்மியம் என்ற உலோகமும் புளிப்பு மண்ணிலேதான் வேருக்குள் எளிதாக ஏறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றோரம் சுரங்கக் கழிவோடு வந்த காட்மியம் வயலில் இறங்கி, நெல்லில் ஏறி, உண்டவர்களின் எலும்பையே நொறுக்கியது. 1968இல் அந்நாட்டு அரசு அதனை ஒப்புக்கொண்டது.

ஆனால், தோழர்களே, ஆர்சனிக் என்னும் பாஷாணத்தின் குணம் வேறு. எருவிலுள்ள மணிச்சத்து, மண்ணிலே பாஷாணம் ஒட்டியிருக்கும் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு அதனை அவிழ்த்து விடக்கூடும். நீர் தேங்கும் இடத்தில் ஆபத்து இன்னும் அதிகம்.

இது நமக்கென்ன என்று கேட்பீர்கள். 1950களில் மலாயாத் தோட்டங்களிலே லாலாங் புல்லை ஒழிக்கவும், கிழட்டு ரப்பர் மரங்களைச் சாகடிக்கவும் சோடியம் ஆர்சனைட் பயன்பட்டது. அந்த வேலையைச் செய்தவர்கள் நம் பாட்டன்மாரே. 1960களில் பாராகுவாட் வந்தது; 2020இல் மலேசியாவில் அதற்கும் தடை விழுந்தது. மருந்துகள் மாறிவிட்டன. ஆனால் ஆர்சனிக் மக்கிப் போகிற பொருளல்ல. விழுந்த மண்ணிலே பல காலம் தங்கும்.

ஆகவே, பழைய மருந்து ஸ்டோர் இருந்த இடத்திலும், மருந்து வாளி கழுவிய இடத்திலும் காய்கறி போடாதீர்கள். எரு கொட்டினால் சரியாகும் என்றும் நம்பாதீர்கள். பிள்ளைகளை அங்கே மண்ணளைய விடாதீர்கள். மற்ற இடங்களில் மக்கிய எருவும், வேண்டிய அளவு சுண்ணாம்பும் இடுங்கள். பழைய பேட்டரியையும், பெயிண்ட் பூசிய பலகை எரித்த சாம்பலையும் எருக்குழியில் சேர்க்காதீர்கள். கீரையையும் கிழங்கையும் மண் போகக் கழுவுங்கள்.

கிராணிமாருக்கும் ஒரு வேண்டுகோள். மருந்து எங்கே இருந்தது என்பதைப் பழைய ஸ்டோர் கணக்கும், லயத்து முதியவர்களின் நினைவும் சொல்லும். இரண்டையும் சேர்த்து எழுதி, நிர்வாகத்திடம் மண் பரிசோதனை கேட்போம். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைச் சோதனையால்தான் அறிய முடியும்.

நம் கொல்லையில் விளைவது நம் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது. அந்த மண்ணிலே என்ன இருக்கிறது என்று கேட்பது நம் உரிமை.