பந்தி பிரியாத கருத்துவேறுபாடு



விசுவாசிகள் எந்தெந்த உபதேசங்களில் மாறுபட்டும் ஒரே சபையாக வாழலாம் என்ற கேள்வியை இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. இது நூலகத்துக்குள் அடங்கும் கேள்வி அன்று. தென்மாவட்டத்து ஊர் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். தாய் தென்னிந்தியத் திருச்சபையில் நாற்பது வருடமாகப் பாடகர் குழுவில் பாடுகிறவர். மகன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தாயோடு வருகிறார். திருவிருந்து நேரம் வந்ததும் எழுந்து வெளியே போய் நிற்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆண்டவரை நம்புகிறார்கள். அந்த வாசற்படியில் நிற்கிற மகனுக்கும் உள்ளே முழங்காலில் நிற்கிற தாய்க்கும் நாம் என்ன சொல்லப் போகிறோம்?

வழக்கமாக இரண்டு பட்டியல் போடுவோம். முதல் பட்டியலில் திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வத்துவம், சிலுவை, உயிர்த்தெழுதல், கிருபையால் வரும் இரட்சிப்பு. இரண்டாம் பட்டியலில் தெளிப்பா முழுக்கா, ஆயிரவருட அரசாட்சி எப்போது, அந்நியபாஷை இன்றும் உண்டா, ஓய்வுநாள் சனியா ஞாயிறா. முதல் பட்டியலை நான் முழுமனதோடு ஏற்கிறேன். உயிர்த்தெழுதல் இல்லை என்றவர்களோடு பவுல் கொரிந்தியர் நிருபத்தில் சமரசம் பேசவே இல்லை. நாமும் பேச முடியாது. இரண்டாம் பட்டியல்தான் என்னை உறுத்துகிறது. நம் சபைகளை அதிகமாகக் கூறுபோட்ட ஒரு காரியத்தை நாம் எந்தப் பட்டியலிலும் எழுதாமலே விட்டுவிட்டோம்.

ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எல்லாவற்றையும் சாப்பிடுகிறார், இன்னொருவர் மரக்கறி மட்டும். ஒருவர் நாள் பார்க்கிறார், மற்றவர் பார்ப்பதில்லை. பவுலுக்கு இதில் சொந்தக் கருத்து உண்டு, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனாலும் அதைச் சட்டமாக்கவில்லை. ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். இப்போது கலாத்தியர் 2ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கேயும் சாப்பாடுதான் பிரச்சினை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். இயேசுவைப் பற்றிய அறிக்கையில் அவர் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை; எழுந்து வேறு பந்திக்குப் போனார், அவ்வளவுதான். பவுல் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு முகம் அவரை எதிர்த்தார். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற மகத்தான உபதேசத்தை அந்த நிருபத்தில் அவர் விரித்துப் பேசத் தொடங்குவதே இந்தப் பந்திச் சண்டையிலிருந்துதான்.

ரோமில் விட்டுக்கொடுக்கத்தக்கதாக இருந்த சாப்பாட்டுக் காரியம் அந்தியோகியாவில் சுவிசேஷத்தின் உயிர்நாடியாக மாறியது எப்படி? ரோமில் இருதரப்பாரும் ஒரே சபையில் ஒருவரையொருவர் தாங்க வேண்டியிருந்தது. அந்தியோகியாவில் ஒரு தரப்பார் பந்தியிலிருந்து தள்ளப்பட்டார்கள். ஆகவே எதில் மாறுபடலாம் என்பதைப் பொருளை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்தப் பொருளைக் காட்டிச் சகோதரனை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த இரண்டு நாள் விவாதங்களுக்கும் நான் வைக்கிற முன்னுரை இதுதான்.

ஆதிச் சபைக்கு இது தெரிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னா சபையின் கண்காணியான பொலிகார்ப்பு முதிர்ந்த வயதில் ரோமுக்குப் போனார். பாஸ்கா பண்டிகையை எந்த நாளில் ஆசரிப்பது என்று ரோமின் கண்காணி அனிசேத்துவோடு பேசினார். ஆசியச் சபைகள் யோவானிடமிருந்து பெற்ற வழக்கத்தை அவர் விடவில்லை. அனிசேத்துவும் தம் முன்னோரின் வழக்கத்தை விடவில்லை. பேச்சு முடிவுக்கு வரவில்லை. ஆனால் அனிசேத்து தம் சபையில் நற்கருணையை நடத்தும் மரியாதையைப் பொலிகார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தார்கள். அடுத்த தலைமுறையில் ரோமின் விக்டர் இதே காரியத்துக்காக ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து விலக்கப் பார்த்தபோது, லியோன் நகரத்து இரனேயு இந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துக்காட்டி அவரைக் கண்டித்து எழுதினார்.

1529 அக்டோபரில் மார்பூர்க்கில் சீர்திருத்தவாதிகளான லுத்தரும் சுவிங்லியும் கூடியபோது இந்த ஞானம் இல்லாமல் போயிற்று. பதினைந்து கூறுகளில் பதினான்கில் முழு உடன்பாடு. பதினைந்தாவதிலும், கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் எவ்விதம் இருக்கிறது என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இசைவு. அந்த ஒன்றுக்காக ஐக்கியத்தின் வலதுகரம் மறுக்கப்பட்டது. 1973இல் லோயன்பெர்க் உடன்படிக்கை வரும் வரை, 444 ஆண்டுகள், ஐரோப்பாவின் லுத்தரன் சபைகளும் சீர்திருத்தச் சபைகளும் பொதுவில் திருவிருந்து ஐக்கியமில்லாமல் இருந்தன.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதில் சற்று நின்று பேச எனக்கு அனுமதி தாருங்கள். 1820களின் இறுதியில் தஞ்சாவூர்ச் சபையில் பெரிய கலகம் எழுந்தது. அதன் குரலாக நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். மிஷனெரி சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் மதிப்பைப் பெற்றவர், இன்றும் நம் சபைகள் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்தவர். புதிதாக வந்த மிஷனெரிமார் மேல் அவர் சாட்டிய கொடுமைகள் நான்கு. நாங்கள் வாசித்து வளர்ந்த தமிழ் வேதத்தை மாற்றுகிறார்கள். விசேஷங்களில் பூவைத் தடுக்கிறார்கள். ஆராதனையில் எங்கள் இசையை நிறுத்துகிறார்கள். திருவிருந்தில் சாதிகளைக் கலக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்றிலும் நியாயம் சாஸ்திரியார் பக்கமே இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மல்லிகைப்பூவில் என்ன அஞ்ஞானம் இருக்கிறது? ராகத்தில் என்ன விக்கிரகம் இருக்கிறது? மொழிபெயர்ப்பில் மாறுபடலாம், பழையதை நேசிக்கிறவர் பழையதை வாசிக்கலாம். இவையெல்லாம் ரோமர் 14ஆம் அதிகாரத்துக் காரியங்கள். நான்காவது அந்தியோகியாவின் காரியம். அது மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் நின்றதுதான் துயரம். எதிர்ப்பக்கத்திலும் அதே குழப்பம்தான். பூவையும் சாதியையும் ஒரே தராசில் வைத்து, எதைச் சுதந்தரமாக விட வேண்டும், எதில் உறுதியாக நிற்க வேண்டும் என்று பிரித்தறியாமல் எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். தமிழரின் பண்பாடு அவமதிக்கப்பட்டது என்ற நியாயமான கோபத்துக்குள் பந்தி பிரிப்பதும் பாதுகாப்பாக ஒளிந்துகொண்டது.

1833இல் கல்கத்தாவின் பேராயர் டானியல் வில்சன், சாதி வேறுபாடு சபைக்குள் தாமதமின்றி முற்றாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். பின்னால் வந்த லுத்தரன் லைப்சிக் மிஷனில், சாதி என்பது சமுதாய ஒழுங்கு, அதைக் கட்டாயத்தால் அல்ல, சுவிசேஷத்தின் உள்வேலையால் காலப்போக்கில்தான் கரைக்க வேண்டும் என்ற கருத்துக்கு இடம் இருந்தது. அதன் தலைவர் கார்ல் கிரவுல் இதற்காகக் கடுமையாக வாதாடினார். தமிழை உயிராக நேசித்த அறிஞர் அவர், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காலப்போக்கு என்ற அந்தத் தவணை முழுவதையும் காத்திருந்து கட்டியவர்கள் யார்? கிண்ணம் தங்களிடம் கடைசியாக வரட்டும் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட தலித் விசுவாசிகள். இன்றும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சுவரைக் கட்டியவர்கள் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள்.

இதே மண்ணில்தான் மாறுபட்டவர்கள் கூடி வாழ்வதற்கான பெரிய முயற்சியும் பிறந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான, வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அவர்களில் முன்னின்றவர். ஐக்கியத்துக்கு நான்கு அடிப்படைகள் போதும் என்று அந்தக் கூட்டம் கண்டது: வேதாகமம், அப்போஸ்தல நிசேயா விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஆகிய இரு சாக்கிரமந்துகள், தொன்றுதொட்டு வரும் பேராயர் பணி. முதல் மூன்றில் தகராறு இல்லை. நான்காவதைப் பேசி முடிக்க 28 ஆண்டுகள் ஆயின. பேராயர் கைவைக்காத குருவின் திருவிருந்து குறைவுடையது என்று ஆங்கிலிக்கரில் ஒரு சாரார் நினைத்தார்கள். பேராயர் என்றாலே அதிகாரம் என்று காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபையார் அஞ்சினார்கள்.

கடைசியில் எட்டிய தீர்வை இங்குள்ள இளைஞர்கள் மூலத்திலேயே படிக்க வேண்டும். பேராயர் பணியைச் சபை ஏற்கும். அதற்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தாது. ஏற்கெனவே குருத்துவம் பெற்றவர்களுக்கு மறுபடி அபிஷேகம் கிடையாது. இனிவரும் குருத்துவ அபிஷேகமெல்லாம் பேராயர் கையால். ஒரு சபையாரின் மனச்சாட்சி ஏற்காத ஊழியரை அவர்கள்மேல் திணிப்பதில்லை என்று ஒரு வாக்குறுதி. இந்த ஏற்பாடுகளோடு இருதரப்பும் ஒன்றாய் வளர முப்பது ஆண்டு அவகாசம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. யாழ்ப்பாணத்துச் சபைகளும் ஒரு பேராயமாக அதில் இணைந்தன. அசரியா அதைக் காணவில்லை. 1945 புத்தாண்டு நாளில் அவர் காலமாகியிருந்தார்.

இந்தத் தீர்வைச் சிலர் மழுப்பல் என்றார்கள். இங்கிலாந்தில் கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். ஆங்கிலிக்கன் பேராயர்களின் 1948 லாம்பெத் மாநாடு புதிய சபைக்கு முழு ஐக்கியம் தரவில்லை. நான் இதை மழுப்பல் என்று ஏற்க மாட்டேன். சேர்ந்து வாழத் தேவையான பணி ஒன்று, அந்தப் பணியைப் பற்றிய கோட்பாடு வேறொன்று என்று அவர்கள் பிரித்தறிந்தார்கள். முன்னதில் கட்டுப்பாடு, பின்னதில் சுதந்தரம். ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த 28 ஆண்டுப் பேச்சின் மையத்தில் பேராயர் இருந்தார், சாதி இல்லை. தரங்கம்பாடி அறிக்கையை நினைவுகூரும் மேடைகளில் இந்த மௌனத்தையும் நாம் பேச வேண்டும்.

சகோதரனை எங்கே உட்கார வைக்கிறோம் என்று பார்க்கும் இந்த அளவுகோல் எல்லாவற்றையும் எளிதாக்கிவிடாது. வடஇந்தியத் திருச்சபை 1970இல் நாக்பூரில் உதயமானபோது குழந்தை ஞானஸ்நானத்தையும் விசுவாசிகளின் ஞானஸ்நானத்தையும் ஒரே சபைக்குள் இரு வழக்கங்களாக ஏற்றது. பாப்டிஸ்டுகளும் உள்ளே வந்தார்கள். ஆனால் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் பெரியவரான பின் மறுபடி கேட்டால்? ஒருவருக்கு அது முதல் கீழ்ப்படிதல், மற்றவருக்கு அது தேவன் செய்ததை மறுப்பது. நான் தொடக்கத்தில் சொன்ன தாயும் மகனும் நிற்கிற இடம் இது. அதுபோலப் பெண்களின் குருத்துவம். 2013இல் தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயரானார். பெண் குருத்துவத்தை வேதத்தின்படி ஏற்க இயலாது என்று ஒருவர் கருதலாம், எழுதலாம், வாதாடலாம். பெண் ஆயரின் கையிலிருந்து அப்பத்தை வாங்க மாட்டேன் என்று அவர் எழுந்து போகும்போது அது கருத்தாகவே நிற்கிறதா, அந்தியோகியாவாகிவிடுகிறதா? எனக்கு ஒரு விடை உண்டு. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வாக்குறுதியும் முப்பது ஆண்டு அவகாசமும் தந்த முன்னோர்களின் பொறுமையோடு எதிர்த்தரப்பின் கட்டுரையும் இந்த அவையில் வாசிக்கப்பட வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் நானே கேட்டுக்கொண்டேன்.

முதல் அமர்வு ஞானஸ்நானம் பற்றியது. கட்டுரையாளர்கள் மூவரும் மூன்று சபைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.