தூரம் மாறவில்லை, நேரம் மாறியது!



'நெடும் பயணத்தின் அளவுகோல் தூரமா, நேரமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசின நண்பர், "சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் 15,300 கிலோமீட்டருக்கு மேல. இதை யாராலும் மாத்த முடியாது"ன்னு முழங்கிட்டுப் போனாரு.

சரிங்கய்யா, அது எந்த வழியிலே? வீட்டுல பிள்ளைங்க வச்சிருக்கிற உலக உருண்டையை எடுங்க. இந்த ஊரிலிருந்து நியூயார்க் வரைக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடிங்க. நூல் கிட்டத்தட்ட வட துருவத்தைத் தொட்டுக்கிட்டுப் போகும்! அதுதான் நீங்க சொல்ற தூரம். ஆனால் விமானி பல நாள் அந்த வழியிலே போறதே இல்லை. பசிபிக் கடலுக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஒரு காற்று ஓடுது. ஆயிரம் கிலோமீட்டர் சுத்தினாலும் பரவாயில்லைன்னு அதிலே ஏறிக்கிறார். ஏன்? அதுதான் சீக்கிரம் போய்ச் சேரும், எரிபொருளும் மிச்சம். ஓட்டுறவரே தூரத்தை விட்டுட்டு நேரத்தைப் பிடிச்சுக்கிறார். உட்கார்ந்து போற நம்ம நண்பருக்கு மட்டும் தூரம் வேணுமாம்! (சிரிப்பு)

இப்போ ஒரு வீட்டுக் கதை சொல்றேன். இந்த ஊரிலே எனக்கு ஒரு நண்பர். மகளுக்கு நியூயார்க்கிலே வேலை. 2015-ல அவரோட மனைவிக்குத் திடீர்னு உடம்பு முடியாமப் போச்சு. மகள் உடனே கிளம்பிட்டா. நியூயார்க்கை ஒட்டின நெவார்க்குக்கு 2004-ல வந்த நேர் விமானம், 2013-லேயே நின்னு போச்சு. நாலு எஞ்சின் விமானம். எரிபொருள் செலவு கட்டுப்படியாகலே. அதனால வழியிலே ஓர் ஊர்ல இறங்கி, காத்துக்கிடந்து, அடுத்த விமானம் ஏறி வந்தா. முழுசா ஒரு நாள் ஆச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல அவ கால் வைக்கும்போது, அம்மா கண்ணை மூடி நாலு மணி நேரம் ஆயிருந்தது.

2018-ல இரட்டை எஞ்சின் விமானத்தோட நேர் பயணம் மறுபடி தொடங்கியது. மறு வருஷம் நண்பருக்கு நெஞ்சுவலி. பதினெட்டரை மணி நேரப் பறப்பு, மகள் வந்துட்டா. அறுவை சிகிச்சைக்கு உள்ளே போகுமுன்னே அப்பா கையைப் பிடிச்சுட்டா. (கைதட்டல்)

ஐயா, 2015-லயும் அதே 15,300 கிலோமீட்டர்தான். 2019-லயும் அதேதான். ஒரு கிலோமீட்டர் குறையலே. குறைஞ்சது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்துலதான் ஒரு தாயோட கடைசி மூச்சு இருந்தது.

வள்ளுவர் 'காலமறிதல்'னு ஓர் அதிகாரமே வச்சார். "இடனறிதலும் வச்சாரே"ன்னு எதிரணி கேக்கும். வச்சார்! காலமறிதலுக்கு அடுத்ததாத்தான் வச்சார்! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியடிச்சுட்டாரு. ஐயா, எங்க பேச்சை எத்தனை முழம்னா அளக்குறீங்க? நேரத்தாலேதானே! உங்கள் தீர்ப்பு அந்த மணியிலேயே இருக்கிறது.